கொல்லையில் ஒரு ஷெட்: கீற்றா, கலர் சீட்டா, ஓடா, காங்கிரீட்டா?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடக்கிறது, ஒரு ஷெட் போட்டுவிடலாம் என்று முடிவானதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சீட் நல்லது?" என்பதுதான். சீட் கடையிலும் அதையே கேட்கிறோம், வெல்டரிடமும் அதையே, பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே. கடைக்காரர் தன்னிடம் ஸ்டாக் இருப்பதைச் சொல்வார். வெல்டர் தனக்குக் கை பழகியதைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் தான் போட்டதைத்தான் சொல்வார், அது ஒழுகினாலும்.

கூரை எது என்பது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. உள்ளே என்ன இருக்கப் போகிறது என்பது முதலாவது. உங்கள் ஊரில் காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கூரை ஏறக்குறைய முடிவான மாதிரிதான்.

பேச்சுக்கு ஒரு அளவை வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. வீடு போக, கொல்லையில் 10 அடிக்கு 12 அடியில் ஒரு ஷெட். சாரல் அடிக்காமல் இருக்கக் கூரையை நாலு பக்கமும் ஒரு அடி வெளியே இழுத்தால், மேலே 12-க்கு 14, அதாவது 168 சதுர அடி. தமிழ்நாட்டில் இப்போது போடப்படும் வீட்டு ஷெட்டுகள் பெரும்பாலும் இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கும்.

உள்ளே சாமானா, மனிதரா?

மண்வெட்டி, கடப்பாரை, பழைய சைக்கிள், தேங்காய், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், எப்போதாவது வேண்டும் என்று எடுத்துவைத்த கதவு. இவை மட்டும்தான் என்றால் நனையாத கூரையும் பூட்டுகிற கதவும் போதும். சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெயின்ட் டப்பா, தின்னர், பெட்ரோல் கேன் இருந்தால் மட்டும் காற்றோட்டம் கட்டாயம். கேஸ் சிலிண்டரை மூடிய ஷெட்டில் வைக்கவே கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும்.

தையல் மெஷின் போட்டு உட்காரப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போகிறார்கள், அப்பா தச்சு வேலை செய்யப் போகிறார் என்றால் கணக்கே வேறு. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழே யாரும் உட்கார மாட்டார்கள். ஆசையாகப் போட்ட தையல் அறை ஆடி வருவதற்குள் குடோன் ஆகிவிடும். எப்படியும் பெரும்பாலான ஷெட்டுகள் கடைசியில் குடோனாகத்தான் ஆகின்றன என்பது என் அனுபவம். ஆகவே "ஒருவேளை பிற்காலத்தில்" என்ற யோசனைக்காகக் கூடுதலாகச் செலவு செய்யாதீர்கள். அடுத்த வருஷம் நிச்சயம் ஆள் உட்காருவார் என்றால் மட்டும் செய்யுங்கள்.

இடம்

காம்பவுண்டு சுவரை ஷெட்டின் ஒரு சுவராக வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்று முதலில் சொல்பவர் கொத்தனாராகத்தான் இருப்பார். வேண்டாம். காம்பவுண்டு சுவர் நம் பக்கங்களில் பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர்தான், நடுநடுவே தூண். அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளக் கட்டியது, காற்றில் கூரை இழுக்கும் இழுப்பைத் தாங்க அல்ல. தவிர, கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டில் விழ ஆரம்பித்தால் உறவு கெடும். சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, ஒரு ஆள் நுழைந்து குப்பை பெருக்கும் அளவுக்கு இடம் விட்டு, சரிவை உங்கள் பக்கமாகவே வையுங்கள்.

மனையைச் சுற்றிக் காலியாக விடச் சொல்லியிருக்கும் செட்பேக் இடத்தில் "ஷெட்தானே, கட்டடமா?" என்று போட்டுவிடுவது வழக்கம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. மனையின் அளவு, சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து இடைவெளி மாறும். கையில் இருக்கும் அப்ரூவல் பிளானை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ ஒருமுறை கேட்டுவிட்டு வருவது, பிறகு வீட்டை விற்கும்போது வங்கி மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவதைவிட எளிது.

மின்கம்பி மேலே போகிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்பு அளவிலான தாழ்வழுத்தக் கம்பிக்கு, கட்டடத்தின் மேல்மட்டத்திலிருந்து 2.5 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. தகரத்தைத் தூக்கி ஏற்றும்போது கம்பியில் படுவதுதான் உண்மையான ஆபத்து. செப்டிக் டேங்க் மூடிமேல் ஷெட் போடாதீர்கள், லாரி வந்து குழாய் விடுகிற அன்று புரியும். தென்னை மரத்தடியும் வேண்டாம். காய் விழுந்தால் தகரம் குழியும், ஓடும் சிமெண்ட் சீட்டும் உடையும். மட்டை விழுந்தாலும் அதே கதைதான்.

கீற்றுக் கொட்டகை

சவுக்குக் கம்பு, மூங்கில், தென்னங்கீற்று. குளிர்ச்சியில் இதற்கு ஈடு இல்லை, இதைவிட மலிவும் இல்லை. ஆனால் கீற்று இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டியது. முடைந்த கீற்றும் வேய்கிற ஆளும் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகிறது. பனை ஓலை இன்னும் சில வருஷம் கூடத் தாங்கும், ஆள் கிடைப்பது அதைவிட அரிது. அடுப்புக்கோ மின் இணைப்புக்கோ பக்கத்தில் இது கூடவே கூடாது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பள்ளித் தீ விபத்துக்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வீட்டுக் கொல்லையில் அப்படி யாரும் வந்து அகற்றப் போவதில்லை என்பதால் நாமேதான் யோசிக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்து, உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் என்றால் கீற்று நல்லது. பூட்டிவைக்கும் ஷெட்டுக்கு அல்ல.

ஆஸ்பெஸ்டாஸ்

கல்நார் சீட், சிமெண்ட் சீட், ஆஸ்பெட்டாஸ் என்று ஊருக்கு ஒரு பெயரில் விற்கிறது. விலை குறைவு, துருப்பிடிக்காது, மழை சத்தம் குறைவு, கடற்கரை உப்புக் காற்றுக்கும் அசையாது. இத்தனை நல்ல குணம் இருந்தும் புதிதாக வாங்கிப் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்கா, கல்நாரில் ஒரு வகையான வெள்ளைக் கல்நாரை 2024 மார்ச்சில்தான் தடை செய்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து சீட் தயாரிப்பது தொடர்கிறது. இலங்கை 2018 முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பெட்டியில் ஒரு வண்டைக் கண்டோம் என்று இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா பெரிய கல்நார் ஏற்றுமதி நாடு. கொஞ்ச நாளில் கல்நார்த் தடை தள்ளிப்போனது, தேயிலையும் மறுபடி போக ஆரம்பித்தது. நம் கொல்லைக் கூரை வரை இந்த அரசியல் வருகிறது.

சரி, சீட் மேலே சும்மா கிடந்தால் என்ன ஆகும்? முழுசாக இருக்கும்வரை கல்நார் இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். வெட்டும்போது, துளை போடும்போது, உடையும்போது, பழசாகி மேல்பரப்பு உதிரும்போதுதான் தூசியாக வெளியே வருகிறது. அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவர் வேலை செய்யும் ஆள். அப்புறம் அதைப் பெருக்குகிற வீட்டுக்காரர். ஷெட் என்பது ஆணி அடித்து, ஹூக் மாட்டி, வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துளை போட்டுக்கொண்டே இருக்கிற இடம். அதனால்தான் மற்ற எல்லா இடங்களைவிடவும் ஷெட்டுக்கு இது பொருத்தமில்லாத பொருள்.

ஏற்கெனவே போட்டிருந்தால் பயந்து உடைத்து எறிய வேண்டாம். அதுதான் மிக மோசமான வேலை. கழற்ற வேண்டி வந்தால் நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழு சீட்டாக இறக்க வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. உடைந்த துண்டைத் தரை நிரப்பப் போடுவது பல ஊர்களில் வழக்கம். அதையும் செய்யக் கூடாது. கல்நார் இல்லாத ஃபைபர் சிமெண்ட் சீட்டும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆகவே அந்த வகைதான் வேண்டும் என்றால் பில்லில் "ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது" என்று எழுதி வாங்குங்கள்.

கலர் சீட்

இன்று பத்தில் எட்டுப் பேர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான், நியாயமாகத்தான். இரும்புச் சதுர பைப்பில் சட்டம், மேலே வண்ணம் பூசிய தகர சீட். நாலைந்து நாளில் வேலை முடிந்துவிடும், வேண்டாம் என்றால் கழற்றி விற்கலாம், நீளத்தைச் சொல்லி வெட்டி வாங்குவதால் நடுவில் இணைப்பே வராது. 12 அடிச் சரிவுக்கு ஒரே சீட்.

சீட்டில் பார்க்க வேண்டியது தடிமன். 0.45, 0.50 மில்லிமீட்டர் என்பது வீட்டு ஷெட்டுக்குப் போதும். 0.35-க்குக் கீழே மலிவாகக் காட்டுவார்கள், ஆள் ஏறி மிதித்தால் மடங்கும். சொல்லும் தடிமன் பூச்சோடு சேர்த்தா, இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். பூச்சில் நல்லது அலுமினியமும் துத்தநாகமும் கலந்தது, அதில் 55 சதவீதம் அலுமினியம். வெறும் துத்தநாகப் பூச்சைவிடக் கூட நாள் உழைக்கும். நிறத்தில் வெள்ளையோ வெளிர்நிறமோ எடுங்கள். கருநீலமும் சிவப்பும் படத்தில்தான் அழகு, மதியத்தில் அடுப்பு.

ஒரு சின்ன விஷயத்தில் நல்ல சீட்டும் வீணாகும். கட்டிங் மெஷினை வைத்து சீட்டை அறுப்பார்கள். அந்தப் பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு கருகும், பறக்கும் இரும்புத்தூள் சீட்டின்மேல் ஒட்டி முதல் மழையிலேயே பொட்டுப் பொட்டாகத் துருவாக நிற்கும். சீட்டைக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள், துளை போட்ட தூளை அன்றைக்கே பெருக்கிவிடச் சொல்லுங்கள்.

இப்போது காற்று. கலர் சீட்டின் உண்மையான பலவீனம் சூடு அல்ல, எடை இல்லாமை. ஒரு சதுர மீட்டர் சீட் ஏறக்குறைய 5 கிலோதான். நம் 168 சதுர அடிக் கூரை சுமார் 15.6 சதுர மீட்டர். சீட்டும் பைப்பும் எல்லாம் சேர்த்து மொத்த ஷெட்டே 300 கிலோ வரும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி ஊர் ஊராக அடிப்படைக் காற்று வேகத்தைச் சொல்கிறது. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47. கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். சென்னைக்கு 1500, கிலோவில் சொன்னால் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. நம் கூரை முழுவதும் இந்த அளவு மேல்நோக்கி இழுத்தால் 2300 கிலோவுக்கு மேல். கோவையில் அதே கூரைக்கு சுமார் 1450 கிலோ.

இது தோராயக் கணக்குதான். சுற்றிலும் வீடுகள் இருந்தால் காற்று கொஞ்சம் தணியும், கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு கூடும், ஒரு பக்கம் திறந்த ஷெட்டாக இருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். ஆனால் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பதற்கு இது போதும். 300 கிலோ எடையுள்ள ஒரு பொருளை 2 டன்னுக்கு மேலான விசை தூக்கப் பார்க்கிறது. 2011 டிசம்பர் 30-இல் கடலூரில் தானே புயல், 2016 டிசம்பர் 12-இல் சென்னையில் வர்தா புயல், 2018 நவம்பர் 16-இல் நாகை, வேதாரண்யம் பக்கம் கஜா புயல். மூன்றிலும் தகரங்கள் பறந்தன. பறந்த தகரம் சொந்தக்காரருக்கு நஷ்டம் மட்டுமல்ல, தெருவில் நிற்பவருக்குக் கத்தி.

அப்படியென்றால் ஷெட்டைக் கீழே பிடித்து வைப்பது எது? கால் ஊன்றும் குழியில் இருக்கும் காங்கிரீட்டின் எடை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டரை அடி ஆழம் என்று ஒரு குழி எடுத்து நிரப்பினால் அதில் சுமார் 380 கிலோ காங்கிரீட் நிற்கும். ஆறு கால் போட்டால் ஏறக்குறைய 2300 கிலோ. நாலு கால் என்றால் 1500. கணக்கு எங்கே போகிறது என்று தெரிகிறதா? கோவையில் நாலு காலில் நிற்கக்கூடிய அதே ஷெட்டுக்கு சென்னையிலும் கடலூரிலும் ஆறு கால் வேண்டும். சீட்டின் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிக்கும் நாம், குழியின் ஆழத்தை வெல்டர் ஒரு அடியோடு நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பல இடங்களில் குழியே எடுக்காமல், இருக்கிற நாலு அங்குலத் தரையில் பட்டைத் தகடு வைத்து விரியும் போல்ட் நாலு அடித்து நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். மேலே இழுத்தால் போல்ட் தரையையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடுத்தது பைப்பும் சீட்டும் சேரும் இடம். ஓர வரிசைகளில் திருகு இரட்டிப்பாக இருக்கட்டும். திருகை சீட்டின் மேட்டில் போடுவது நல்லது, தண்ணீர் ஓடுவது பள்ளத்தில் அல்லவா? வாஷர் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் இரண்டு கோடையில் வெடித்து ஒழுகும்.

சூட்டுக்கு வழி இருக்கிறது. சுவரின் மேல்பக்கம் ஒரு அடி முழுக்க வலை விட்டால் சூடான காற்று வெளியே போய்விடும். நடுவில் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் சீட் ஒன்று போட்டால் பகலில் லைட் வேண்டாம். அது பாலிகார்பனேட் ஆக இருக்கட்டும். ஆள் உட்காரப் போகிறார் என்றால் இரண்டு தகரத்துக்கு நடுவே ஃபோம் வைத்த பஃப் பேனல், 30 அல்லது 50 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனால் மழை சத்தமும் சேர்ந்து குறையும். கரண்ட் இழுத்தால் இரும்புச் சட்டத்துக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி சுவிட்சும் கட்டாயம். ஈரக் கையும் இரும்புச் சுவரும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் தகரமும் பைப்பும் சீக்கிரம் துருவேறும். அங்கே யு.பி.வி.சி என்ற கெட்டி பிளாஸ்டிக் சீட் ஒரு நல்ல மாற்று. ஆனால் கீழே உள்ள பைப் இரும்புதானே, அதற்கு கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, பைப் எடுத்து, வெல்டு செய்த இடங்களில் துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

சீமை ஓடு

மங்களூரில் பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை 1865-இல் தொடங்கியது. அந்த ஓடு தெற்கே இறங்கி நம் வீடுகளின் முகத்தையே மாற்றிவிட்டது. ஆள் உட்காரும் ஷெட்டுக்கு, பணமும் பொறுமையும் இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். ஓட்டுக்கு ஓடு இருக்கும் இடைவெளியில் காற்று புகுந்து வெளியேறுவதால் உள்ளே உட்கார முடியும். பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் பழைய ஓடு மலிவாகவே கிடைக்கும், புதிசைவிடச் சில சமயம் தரமாக.

ஆனால் ஓட்டுக்குச் சரிவு வேண்டும், 25 முதல் 30 டிகிரி. 10 அடி அகலத்தில் இருபக்கச் சரிவு என்றால் நடு முகடு ஓரத்தைவிட 3 அடி உயரும். தகர ஷெட்டுக்கு ஒன்றரை அடிச் சரிவு போதும். எடையும் பல மடங்கு, ஆகவே சட்டமும் கனமாக வேண்டும். மரத்துக்குப் பதில் இப்போது இரும்புப் பைப்பையே ரீப்பராக, அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமாக, போடுகிறார்கள், கரையான் தொல்லை போயிற்று. குரங்கு வரும் ஊராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஓடு வேண்டாம். அது ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்க்கும். புயல் பாதையில் இருக்கும் ஊர்களில் ஓர வரிசை ஓடுகளைக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும்.

காங்கிரீட் அறை, ரெடிமேட் கேபின்

சுவர் எழுப்பி மேலே நாலரை அங்குலத் தளம் போட்டால் அது ஷெட் அல்ல, அறை. புயலுக்கு அசையாது, பூட்டினால் பூட்டினதுதான், மேலே வற்றல் காய வைக்கலாம். செலவு தகர ஷெட்டைப் போலப் பல மடங்கு. அனுமதி விஷயத்தில் யாரும் கண்டும் காணாமல் இருக்க மாட்டார்கள். காங்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விடும் என்பதால் குளிர்ச்சி என்ற கனவும் வேண்டாம். யாராவது தங்கப் போகிறார்கள் என்றால்தான் இந்தப் பக்கம் போக வேண்டும்.

ரெடிமேட் கேபினை லாரியில் கொண்டுவந்து கிரேனால் இறக்குவார்கள். உங்கள் தெருவின் அகலம், குறுக்கே தொங்கும் கேபிள் வயர்கள், வீட்டைத் தாண்டிக் கொல்லைக்கு கிரேன் கை எட்டுமா என்பதெல்லாம் பார்த்தால் பாதிப் பேருக்கு இது அங்கேயே முடிந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும், இன்னும் இரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் வீடு கட்டப் போகிறவருக்கும் மட்டும் அர்த்தமுள்ளது.

தரை

எந்தக் கூரையாக இருந்தாலும் இதில் கை வைக்காதீர்கள். தெரு மட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது தரை உயர வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு அங்கேயே இருக்கிறது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நனைந்து போனதில் பெரும்பங்கு தரையில் வைத்த பொருள்தான், கூரை ஒழுகியதால் அல்ல.

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் கரிசல் மண் என்றால் அது மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். மேல் கரிசலை எடுத்துவிட்டு மணலோ கிராவலோ நிரப்பி, தண்ணீர் விட்டுக் குத்தி, அதற்குமேல் ஜல்லி போட்டுத் தரை போட வேண்டும். சுற்றிலும் ஒரு ஹாலோ பிளாக் சுவர் மூன்று அடிக்கு எழுப்பி, அதற்குமேல் சீட்டோ வலையோ போவதுதான் எனக்குப் பிடித்த அமைப்பு. தகரம் மண்ணைத் தொடாது, கீழே துருப்பிடிக்காது, பாம்பு எளிதில் நுழையாது. பெருச்சாளி மட்டும் தரையின் ஓரத்தை அடியில் தோண்டும். அந்தச் சுவரின் அடிமட்டத்தை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கிவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும்.

கூரைத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை என்பது வடகிழக்குப் பருவத்தில் சாதாரணம். நம் கூரையில் அன்றைக்கு மட்டும் 1500 லிட்டருக்கு மேல் விழும். ஒரு வாய்க்கால் தகடும் குழாயும் போட்டால் தொட்டிக்கோ மழைநீர்க் குழிக்கோ போகும். போடாவிட்டால் அத்தனையும் ஷெட்டின் காலடியிலேயே விழுந்து, நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த குழியைச் சுற்றி மண்ணை அரிக்கும்.

கொட்டேஷனை ஒப்பிடும்போது

சாமான் வைக்கவென்றால் கலர் சீட், மூன்று அடி பிளாக் சுவர், கடலோர மாவட்டத்தில் ஆறு கால். உள்மாவட்டத்தில் நாலு கால் போதுமா என்பதை அங்கேயே ஒரு இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் உட்கார என்றால் ஓடு, குரங்கோ உயரமோ தடுத்தால் பஃப் பேனல். அவ்வளவுதான் என் பரிந்துரை. ஆனால் மூன்று வெல்டரிடம் கேட்டால் மூன்று பேரும் "சதுர அடிக்கு இவ்வளவு" என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. குறைந்த விலை பெரும்பாலும் மெல்லிய பைப்பிலிருந்துதான் வருகிறது.

இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுர பைப், 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு மீட்டர் சுமார் 3 கிலோ. கடையில் கிடைக்கும் 6 மீட்டர் பைப் ஒன்று 18 கிலோ இருக்க வேண்டும். அதையே 1.6 மில்லிமீட்டரில் வாங்கினால் 14.5 கிலோதான். பெயின்ட் அடித்த பிறகு கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஆகவே கொட்டேஷனில் பைப்பின் அளவு, தடிமன், எத்தனை பைப், குழியின் நீள அகல ஆழம், சீட்டின் தடிமன், எத்தனை கால் என்று எழுதி வாங்குங்கள். பைப் இறங்கும் அன்று எடைச் சீட்டைக் கேட்டு, பைப் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் இறக்கவிடாமல் திருப்பி அனுப்பலாம். வெல்டு அடித்துவிட்டால் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.